பஸ்மாவுக்கு ஏகாதசி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தப் பிராணியைப் பிடிக்கவில்லை. எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு ரூபம், அணிலுடைய வால், அப்பளத்தைக் கிள்ளி ஒட்டினாற்போல இரண்டு காது. சின்சில்லாவாம். எங்கேயோ தென்னமெரிக்காவில் குளிர்ந்த மலையில் இருக்க வேண்டியது, மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்குக் கத்திரி வெயிலில் வந்து சேர்ந்தது. என் பெண் வர்ஷினியோடு பெருங்குடி ஆபீசில் வேலை பார்த்த ஒருத்தி கனடாவுக்குப் போகும்போது, பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டாளாம். இவளும் கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இருபத்திரண்டு டிகிரிக்கு மேல போனா அதால தாங்க முடியாதும்மா," என்றாள்.

அன்றிலிருந்து அவள் அறையில் இருபத்துநாலு மணி நேரமும் ஏ.சி. ஓடியது. இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கடகடக்கும் ஃபேனுக்கு அடியில் நின்று கணக்குப் பாடம் நடத்தி வெந்துபோனவள் நான். எனக்கு வராத யோகம் ஒரு எலிக்கு வந்தது. கோயம்புத்தூரில் வேலையாக இருக்கும் என் கணவர் பரத்வாஜிடம் போனில் புலம்பினேன். "அதோட ரூம்ல போய் நீயும் உக்காந்துக்கோயேன்," என்று சிரித்தார்.

அதற்குத் தண்ணீரில் குளியல் கிடையாது. ஒரு பாத்திரத்தில் சாம்பல் நிறப் பொடியைக் கொட்டி வைத்தால் அதில் விழுந்து புரண்டு, உடம்பெல்லாம் பூசிக்கொண்டு எழுந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் வர்ஷினி பஸ்மா என்று பெயர் வைத்தாள். பெயர் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காத இன்னொன்றும் இருந்தது. அதற்கும் அந்தப் பிராணிக்கும் சம்பந்தமில்லை. கூண்டுக் கதவைச் சாத்தியதும் வர்ஷினி கொக்கியை இழுத்துப் பார்ப்பாள். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. ஏன் இழுக்கிறாள் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இழுக்கிற அவளுக்கே முழுசாகத் தெரியாது.

அவளுக்குப் பத்து வயதில் இரண்டு லவ் பேர்ட்ஸ் இருந்தன. பரீட்சை சமயத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் யோசிப்பது என் வழக்கமில்லை. அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது பறவைகளை எங்கள் வாட்ச்மேன் கதிரேசனிடம் ஊருக்கு எடுத்துப் போகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கூண்டுக் கதவைத் திறந்துவைத்தேன். சாயங்காலம் வந்து நின்றவளிடம், "நீதான் கார்த்தால கொக்கியைச் சரியா மாட்டலை, பறந்துபோயிடுத்து," என்று சொன்னேன். நாலு நாள் அழுவாள், மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. நாலு நாள் அழுதாள், அது மட்டும் சரி. இப்போது அவளுக்கு இருபத்துமூன்று. கேஸ் அடுப்பு, வாசல் பூட்டு, ஸ்கூட்டர் சாவி, எல்லாம் மூன்றுமுறை.

பஸ்மா வந்த எட்டாம் நாள் அவள் புனேவுக்கு நாலு நாள் டிரெய்னிங் போக வேண்டியிருந்தது. போகிற அன்று காலை பீரோ கதவில் ஒரு தாளை ஒட்டினாள். இரண்டு பக்கம், பன்னிரண்டு குறிப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "நம்பி விட்டுட்டுப் போறேன்மா," என்றாள். அவள் எதையும் என்னிடம் நம்பி விட்டு வெகுகாலமாகிறது. பிடிக்காத பிராணியானாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அதைப் பூப்போலப் பார்த்துக்கொள்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

தாளைப் படித்தேன். முதல் குறிப்பு: கொக்கியை மூன்றுமுறை இழுத்துப் பார். அதற்குமேல் கண் ஓடவில்லை. ஏ.சி., தண்ணீர் என்று நாலாவது வரைக்கும் மேய்ந்துவிட்டு, சரி சரி, ஒரு எலிக்கு இவ்வளவா என்று விட்டுவிட்டேன். கேள்வியை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் எழுது என்று வகுப்பில் எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன்!

புதன்கிழமை சாயங்காலம் பாயசத்துக்காக உலர்ந்த திராட்சையில் காம்பு கிள்ள உட்கார்ந்தேன். சமையலறையில் இருக்க முடியவில்லை. கிண்ணத்தோடு ஏ.சி. அறைக்குப் போனேன். ஏ.சி.க்காகத்தான் போனேன், அந்த எலிக்காகப் போகவில்லை. பஸ்மா எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்து, மூக்கைத் துறுதுறுவென்று ஆட்டி, ஒரு கையை நீட்டியது. ஒரு திராட்சையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. தீர்த்தம் வாங்குகிறவர்கள்கூட இப்போதெல்லாம் அத்தனை பவ்யமாக வாங்குவதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சுற்றிச் சுற்றிக் கடித்துத் தின்றுவிட்டு மறுபடியும் கையை நீட்டியது. நான் விழுந்துவிட்டேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அன்றைக்குக் கொடுத்தேன், மறுநாள் காலையில் கொடுத்தேன், மத்தியானமும் கொடுத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் கூண்டின் அடித்தட்டில் கருப்பு அரிசி மாதிரி உலர்ந்து கிடக்கும் புழுக்கை இளகி, தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்து ரோமத்திலும் அப்பியிருந்தது.

எனக்குப் பயமே வரவில்லை. வயிற்றுக் கோளாறு என் கோட்டை. எங்கள் பிளாக்கில் பதினான்கு வீடு. யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும், "சாரு மாமிகிட்ட கேளு," என்பார்கள். சாருலதா என்ற பெயரைச் சுருக்கி, வயிற்று வைத்தியத்தோடு சேர்த்துவிட்டார்கள். என் வைத்தியமும் ரொம்பச் சுருக்கம். லங்கணம் பரம ஔஷதம். பட்டினியை விடப் பெரிய மருந்து கிடையாது. ஒருநாள் வயிற்றைக் காயப்போட்டு ஓமத் தண்ணீர் குடித்தால் போதும். நான் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். வர்ஷினியையும் அப்படித்தான் வளர்த்தேன். மேல்வீட்டு அம்பி மாமா கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் எல்லாம் எனக்குக் கட்டுப்பட்டுப் பட்டினி கிடந்திருக்கிறார்.

ஆகவே மணி ஆறுக்குக் கூண்டிலிருந்த புல்லை ஒரு துரும்பு விடாமல் எடுத்தேன். உருண்டைத் தீனிக் கிண்ணத்தை எடுத்தேன். தண்ணீர் பாட்டிலில் ஓமத் தண்ணீரை ஆறவைத்து ஊற்றினேன்.

"நாளைக்கு ஏகாதசிடீ. நானும் சாப்பிடப் போறதில்லை. ரெண்டு பேரும் சேர்ந்தே இருந்துடுவோம்," என்று அதனிடம் சொன்னேன். கொக்கியை மாட்டி மூன்றுமுறை இழுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தட்டு துடைத்துவிட்டாற்போல இருந்தது. இளகலும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. பேதி ஒரே ராத்திரியில் நின்றுவிட்டது! வர்ஷினி வாட்ஸாப்பில் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வயிறு இளகியதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சரியாகிவிட்டதே, எதற்குச் சொல்ல வேண்டும்? "சமத்தா இருக்கு," என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டேன்.

மூன்றரை மணிக்கு ஆரோக்கியமேரி வந்தாள். சாந்தோம் குப்பத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறவள். கூண்டுத் தட்டைத் துடைப்பதும் அவள் தலையில் விழுந்திருந்தது. தினமும் அதற்கு முணுமுணுப்பாள். அன்றைக்குத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, தட்டு இப்டி கீது?"

"எப்படி இருக்கு?"

"தொடைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. டெய்லி மொளகு கொட்டுன மாரி கெடக்கும். ஒண்ணு கூடவா போடல?"

"வயிறு சரியாயிடுத்து மேரி. நேத்திலேர்ந்து பட்டினி போட்டிருக்கேன்."

மேரி தட்டைக் கீழே வைத்தாள். "பட்டினியா? இன்னாம்மா நீ! நாங்க மொசலு வளத்துருக்கோம். ஒரு நாளு பூரா துன்னாம கெடந்துச்சுன்னா மறுநாளு அதப் பொதைக்கத்தான் வேணும். இதுவும் மொசலு சாதிதான?"

"உனக்கு என்ன தெரியும்? லங்கணம்..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்துக்கொண்டே கூண்டைப் பார்த்தேன். பஸ்மா மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூங்குகிறது என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தேன். கண் பாதி திறந்திருந்தது. கம்பிக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டேன். பந்து மாதிரி இறுகியிருந்தது. தொட்டதும் பல்லைக் கடித்தது. எடுத்து வைத்திருந்த புல்லில் கொஞ்சம் பிடுங்கி மூக்குக்கு முன்னால் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பீரோவுக்கு ஓடினேன். ஏழாவது குறிப்பு: புல் ஒரு நிமிஷம்கூடத் தீரக் கூடாது. எட்டாவது: பழம், திராட்சை, வெல்லம் எதுவும் கூடாது, ஒன்றே ஒன்றுகூட. ஒன்பதாவது சிவப்பு மையில் இருந்தது. புழுக்கை குறைந்தாலோ நின்றாலோ ஆபத்து, உடனே எனக்குப் போன் செய். கீழே அடையாறில் இருக்கும் டாக்டர் நிரஞ்சனின் நம்பர்.

வர்ஷினிக்குப் போன் செய்யவில்லை. டாக்டருக்குச் செய்தேன். "உடனே கொண்டு வாங்க. வெயில்ல ஆட்டோல கொண்டு வராதீங்க, ஏ.சி. கார்ல வாங்க," என்றார்.

கார் கிடைக்க வேண்டுமே. முதல் கார் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்தது. இரண்டாவது கார் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு அதுவும் ரத்து செய்தது. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். புடவையை மாற்றப் போய், பாதியில் வந்து போனைப் பார்த்து, மறுபடி போனேன். மேரிதான் சின்னக் கூடையில் பஸ்மாவை எடுத்து வைத்து, ஐஸ் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் செருகினாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் நின்றாள்.

"உனக்கு வேலைக்குப் போக வேற வீடு இல்லையா?"

"கீது. நீ தனியா எப்டி தூக்கினு போவ?"

மூன்றாவது கார் நூர் முஹம்மது என்பவருடையது. லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டு வழியை மாற்றியிருந்தார்கள். மந்தைவெளி சிக்னலில் கார் நின்றது. பச்சை விழுந்தது, நாங்கள் நகரவில்லை. மறுபடி சிவப்பு. நான் கூடைக்குள் பார்த்தேன். சூட்டில் காது சிவந்திருந்தது.

"இன்னா மேடம், பூனையா?"

"சின்சில்லா."

"அது இன்னாது?"

"ஃபாரின் மொசலு நைனா. சூடு ஆவாது. ஏசிய ஏத்து," என்றாள் மேரி.

அவர் ஏ.சி.யைக் கடைசி வரை திருகி, முன்னால் இருந்த காற்றுத் துவாரங்களைப் பின்பக்கமாகத் திருப்பினார். ரேடியோவையும் அணைத்தார். மூன்றாவது தடவை சிவப்பு விழுந்தபோது நான் கதவைத் திறந்துவிட்டேன். எங்கே போகப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கால் கீழே இறங்கிவிட்டது.

"மேடம், ஏறி உக்காருங்க. வெளிய முப்பத்தொம்போது டிகிரி. நடந்து போனீங்கன்னா அது பாலத்தாண்ட போறதுக்குள்ள பூடும்," என்றார் நூர் முஹம்மது. உட்கார்ந்தேன்.

அடையாறு பாலம் வரைக்கும் என் மனது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ஜபம் செய்யவில்லை. ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தது. 'அதுக்கு இந்த ஊர் வெயில் ஒத்துக்கலைடி வர்ஷி. நாம என்ன பண்ண முடியும்?' நல்ல வாக்கியம். எந்த ஓட்டையும் இல்லை. மேரி சொல்ல மாட்டாள். திராட்சையை யாரும் பார்க்கவில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னதைவிட இது இன்னும் கச்சிதமாக இருந்தது. இப்படிப்பட்ட வாக்கியங்கள் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகின்றன என்று நினைத்தபோது என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அதை விட்டுவிடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டேன்.

டாக்டர் நிரஞ்சனுக்கு முப்பது வயது இருக்கும். காத்திருந்த நாய்களையும் பூனைகளையும் தாண்டி எங்களை முதலில் கூப்பிட்டார். ஸ்டெதஸ்கோப்பை பஸ்மாவின் வயிற்றில் வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார்.

"சத்தமே இல்ல. குடல் ஓடல. கடைசியா என்ன சாப்பிட்டுச்சு?"

"புல்லுதான். எப்பவும்போல."

மேரி என்னைப் பார்த்தாள்.

"வேற எதுவும் கொடுக்கலையே?"

"இல்லை."

"எதையாவது முழுங்கியிருந்தா உள்ள அடைப்பு இருக்கலாம். அப்படின்னா மயக்க மருந்து கொடுத்துத்தான் பாக்கணும். இதுக்கு மயக்கமே ரிஸ்க். யார் வழக்கமாப் பாத்துக்கறாங்க?"

"என் பொண்ணு."

"அவங்களுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

முதல் மணியிலேயே எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "பஸ்மாவுக்கு என்னம்மா?" என்றாள். டாக்டர் பேசினார். குடல் நின்றிருக்கிறது, காரணம் தெரியவில்லை, ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார்.

"புல் மாத்தினேன் டாக்டர். போன வாரம். பழைய புல்லோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்னு படிச்சேன், அவசரத்துல ரெண்டே நாள்ல மாத்திட்டேன். என் தப்புதான்." மூச்சு விடாமல் பேசினாள். "கூண்டுல ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது, அதைக் கடிச்சிருக்குமோ? கிளம்பும்போது செக் பண்ணினேன். ஆனா கேப் வந்துடுத்து, ரெண்டு தடவைதான் பார்த்தேன். மூணாவது தடவை பார்க்கலை டாக்டர். என் தப்புதான்."

அவள் குரலில் பத்து வயது இருந்தது. நான் வைத்த வயது. என்ன நடந்தாலும் அது தன் கையிலிருந்துதான் நழுவியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கச்சிதமான வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தேன். அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"அவ இல்லை டாக்டர். நான்," என்றேன்.

"என்ன நீங்க?"

"திராட்சை கொடுத்தேன். உலர்ந்த திராட்சை."

"எத்தனை?"

"நாலஞ்சு..." கணக்கு டீச்சர் வாயில் நாலஞ்சு! "பதினாலு. புதன்கிழமை ஆறு, நேத்து கார்த்தால அஞ்சு, மத்தியானம் மூணு. சாயங்காலம் வயிறு இளகிப் போச்சு. அதனால லங்கணம் போட்டேன்."

"அப்படின்னா?"

"பட்டினி. புல்லை எல்லாம் எடுத்துட்டேன். ஓமத் தண்ணி வெச்சேன்."

"எவ்வளவு நேரமா?"

சுவரில் கடிகாரம் ஐந்து காட்டியது. "இருபத்துமூணு மணி நேரம்."

வர்ஷினி போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை. "அம்மா," என்றாள்.

"சொல்லுடி."

"நாளைக்குக் கார்த்தால ஃபிளைட்ல வர்றேன்." வைத்துவிட்டாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தார். உள்ளே காற்றுதான் நிறைந்திருந்தது, அடைப்பு இல்லை. "மயக்க மருந்து வேண்டாம். காரணம் தெரிஞ்சுடுச்சு," என்று சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான சலைனைத் தோலுக்கு அடியில் ஏற்றினார். வலிக்கு ஒரு ஊசி போட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு வாந்தி எடுக்கத் தெரியாதும்மா. உள்ள போனது கீழ வழியாத்தான் வெளிய வரணும். அதனால குடல் நிக்கவே கூடாது, எந்நேரமும் புல்லு உள்ள போயிட்டே இருக்கணும். நமக்குப் பட்டினி மருந்து. இதுக்குப் பட்டினிதான் வியாதி."

ஒரு பச்சைப் பொடியும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்தார். பொடியைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து மூன்று மணிக்கு ஒருமுறை வாயோரமாகப் புகட்ட வேண்டும், வயிற்றை மெதுவாகத் தடவிக்கொடுக்க வேண்டும். காலைக்குள் புழுக்கை போட்டால் பிழைக்கும். போடாவிட்டால் உடனே கொண்டு வர வேண்டும். "போடும்," என்று அவர் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை கேட்டும் சொல்லவில்லை.

காரில் திரும்பும்போது மேரி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "சொல்லாத வுட்டுருந்தீன்னா நான் சொல்லியிருப்பேன்." அவளைக் குப்பத்து வாசலில் இறக்கிவிட்டோம்.

முதல் வேளை ஏழு மணிக்கு. மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு, பஸ்மாவை வைத்து, சிரிஞ்சை வாயோரத்தில் வைத்தேன். கூழெல்லாம் என் புடவையில்தான் போயிற்று. இரண்டாவது வேளையில் ஒரு வாய் விழுங்கியது. இடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலில் நடந்தேன். ஃபிரிஜ்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினேன். கூண்டின் தட்டில் வெள்ளைத் தாளை விரித்து, டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன். பரீட்சைத் தாள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஒரு வெள்ளைத் தாள் இப்படி என்னைப் பயமுறுத்தியதில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டே, "போடேன்டீ, ஒண்ணே ஒண்ணு போடேன்," என்று கெஞ்சினேன். கபாலீஸ்வரரிடம்கூட நான் இந்தச் சமாசாரத்துக்காக வேண்டிக்கொண்டது அன்றுதான்.

ஐந்தரை மணிக்கு, ஜன்னலில் வெளுத்து வரும்போது, தாளில் ஒன்று கிடந்தது. சின்னதாக, கோணலாக, ரோமம் சுற்றிக்கொண்டு. நான் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று. மூலையில் பஸ்மா ஒரு துரும்புப் புல்லை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அன்று துவாதசி. விரதத்தை முடித்து அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை பண்ண வேண்டிய நாள். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாரணை ஆயிற்று என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்பதே காலுக்கு வர்ஷினி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை ஹாலில் போட்டுவிட்டு நேராக அறைக்குப் போனாள். நான் புழுக்கைகளை ஒரு தாளில் வரிசையாக வைத்து, நேரம் எழுதியிருந்தேன். மொத்தம் பதினேழு. அதைக் குனிந்து பார்த்தாள். பஸ்மாவை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தொட்டாள். பத்து மணி வேளையை அவளே புகட்டினாள். அவள் கைக்கு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதன் பின் கூண்டுக்குள் விட்டு, கதவைச் சாத்தி, கொக்கியை இழுத்தாள். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றுமுறை.

"வர்ஷி, நீ அன்னிக்குக் கொக்கியைச் சரியாத்தான் மாட்டியிருந்தே."

"எந்தக் கொக்கி?"

"லவ் பேர்ட்ஸ் கூண்டு. நீ திறந்து விடலை. பறந்தும் போகலை. நான்தான் கதிரேசன்கிட்ட கொடுத்து அனுப்பிட்டேன். அப்புறம் கதவைத் திறந்து வெச்சதும் நான்தான்."

அவள் கை கொக்கியின் மேலேயே இருந்தது.

"நான் ஒரு வருஷம் தினம் கீழே வேப்ப மரத்துக்கிட்ட போய் நின்னேன். கையில தினையை வெச்சுண்டு," என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

"பால்கனியிலேர்ந்து பார்த்துண்டு இருந்தேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. நான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். மன்னித்துவிடு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவள் தலையில் வைக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கூண்டைத் திறந்து, புல்லை நிரப்பினாள். சிரிஞ்சைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"எனக்குத் தலை சுத்தறது, ராத்திரி பூரா ஏர்போர்ட்ல உக்காந்திருந்தேன். தூங்கப் போறேன். ஒரு மணிக்கு அடுத்த வேளை. நீ கொடு."

"நானா?"

"நீதான். வேகமாக் குத்தாதே, வாயோரமா விடு. திராட்சை டப்பா எங்கே இருக்கு?"

"மேரிகிட்ட கொடுத்துடறேன்."

"சரி."

கதவைச் சாத்தினாள். கொக்கியை மாட்டி ஒருமுறை இழுத்தாள். நான் அடுத்ததற்குக் காத்திருந்தேன். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.